ஒற்றை வாடிக்கையை நம்பிய நாடு: அயர்லாந்தின் ஏற்றுமதிக் கதை

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் படிக்காமலே தெரியும். கடையில் எவ்வளவு சரக்கு விற்றது என்பது ஒரு கணக்கு. அதை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் பலர். இரண்டாவது கணக்கையும் பார்க்கிறவன்தான் நிலைத்து நிற்பான். நானும் ஒரு காலத்தில் என் பாத்திரக் கடைச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்கை ஒரே ஒரு பெரிய கொள்முதல்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விலையை அவர் சொல்வார். தவணையை அவர் சொல்வார். தலையாட்டுவது மட்டும் என் வேலை. கடை என் பேரில் இருந்தாலும் முதலாளி அவர்தான் என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆச்சு.

இந்த நிலைமை ஒரு நாட்டுக்கே வந்தால் என்ன ஆகும்? சிறிய நாடு ஒன்று, பல நாடுகள் கூடி அமைத்த வர்த்தகக் கூட்டமைப்பில் சேர்ந்தால் அதன் ஏற்றுமதி கூடுமா, குறையுமா என்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்கிறார்கள். எத்தனை மடங்கு கூடியது என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கேட்கும் கேள்வி. யாருக்கு விற்றது என்ற கேள்வி அதைவிட முக்கியம் என்பது ஒரு கடைக்காரனாகிய என் எண்ணம். அதற்குச் சாட்சியாக அயர்லாந்து நாட்டின் நூறாண்டு வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடல்ல. நமது அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ள அரசுக் கொள்கைக்கான வழிகாட்டும் நெறிகள் 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பைப் பார்த்து எழுதப்பட்டவை. நமது குடியரசுத் தலைவராயிருந்த வி.வி. கிரி இளமையில் சட்டம் படித்தது டப்ளின் நகரில். பரப்பளவில் அந்த நாடு தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 51 லட்சம், அதாவது சென்னைப் பெருநகரின் மக்கள்தொகையைவிடக் குறைவு. அப்படிப்பட்ட சிறு நாடு அது.

மாடும் மனிதரும்

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டனிடமிருந்து சுயாட்சி பெற்றது. கொடி மாறியது, தபால் பெட்டியின் சிவப்பு நிறம் பச்சையாக மாறியது. வியாபாரம் மட்டும் மாறவில்லை. 1920களில் அயர்லாந்தின் ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பிரிட்டனுக்கே போனது. போன சரக்கும் பல தினுசு இல்லை. உயிருள்ள மாடுகள், வெண்ணெய், பன்றி இறைச்சி, முட்டை, கொஞ்சம் மதுபானம். பச்சைப் புல்லில் மேய்ந்த மாடு டப்ளின் துறைமுகத்தில் கப்பல் ஏறி, லிவர்பூலில் இறங்கி, இங்கிலாந்துப் பண்ணையில் கொழுத்து, அங்கேயே விற்கப்பட்டது. லாபத்தில் பெரும்பகுதி கடைசிக் கையில் இருப்பவனுக்குத்தானே!

மாட்டோடு சேர்ந்து இன்னொன்றும் கப்பல் ஏறியது. அது மனிதர். 1840களின் கொடிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்னால், 1841 கணக்கெடுப்பில், இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் 65 லட்சம் மக்கள் இருந்தார்கள். 1961இல் இருந்தது 28 லட்சம். உலகம் முழுக்க ஜனத்தொகை பெருகிய காலத்தில் அங்கே பாதிக்கும் கீழே போய்விட்டது. மாட்டை வளர்க்க நிறைய ஆள் தேவையில்லை. நிலம் ஒரு பிள்ளைக்கு. மற்ற பிள்ளைகளுக்கு லண்டனும் லிவர்பூலும் பாஸ்டனும் நியூயார்க்கும். பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1951 முதல் 1961 வரையிலான பத்தே ஆண்டுகளில் மட்டும் நிகரக் கணக்கில் நான்கு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள்.

ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே வகைச் சரக்கை விற்கிற நாட்டில் புதுத் தொழில் முளைக்காது. தொழில் முளைக்காத இடத்தில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள். ஏற்றுமதியை யார் வாங்குகிறார்கள் என்ற கேள்வியின் உள்ளே இருக்கிற நிஜமான கேள்வி இதுதான்.

1932: வாடிக்கையாளருடன் ஒரு சண்டை

1932இல் ஈமன் டி வலேரா ஆட்சிக்கு வந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அயர்லாந்து குத்தகை விவசாயிகள் ஜமீன்தார்களிடமிருந்து நிலம் வாங்க அரசு கடன் கொடுத்திருந்தது. அந்தக் கடனுக்கான ஆண்டுத் தவணை, வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல், டப்ளின் வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் நிலத்தை எங்களிடமிருந்தே பறித்துவிட்டு அதற்கு நாங்களே பணம் கட்டுவதா என்று டி வலேரா அதை நிறுத்தினார்.

நியாயம் அவர் பக்கம் இருந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சந்தையில் பலம் யார் பக்கம் இருந்தது என்பதில் வாதம் இல்லை. பிரிட்டன் உடனே அயர்லாந்து மாடுகளுக்கும் மற்ற விளைபொருட்களுக்கும் 20 சதவீத இறக்குமதி வரி போட்டது. பின்னர் அதைக் கூட்டவும் செய்தது. வரவேண்டிய தவணைத் தொகையை ஏறக்குறைய முழுவதும் அந்த வரி மூலமாகவே வசூலித்துக்கொண்டது. 1931க்கும் 1934க்கும் இடையில் அயர்லாந்தின் மொத்த ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. உலகப் பொருளாதார மந்தமும் அதில் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனாலும் வேறு ஒருவருக்கு விற்கலாம் என்றால் வேறு ஒருவர் இல்லை. நூறாண்டுகளாக அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வாசல் அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை.

விற்க முடியாத மாடுகள் பெருகின. மேய்ச்சலைக் காப்பாற்ற வேண்டுமென்று, இளங்கன்றுகளைக் கொன்று தோலைக் கொண்டுவருகிறவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டம் 1934இல் வந்தது. கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட சமண குடும்பத்தில் பிறந்தவன் நான். இதை முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மாட்டு வியாபாரமே எனக்கு உவப்பானதல்ல. ஆனால் தாங்கள் வளர்த்த கன்றை, வாங்க ஆள் இல்லை என்பதற்காக, அடித்துப் போடும் நிலைக்கு ஓர் ஏழை விவசாயியைத் தள்ளுவது எப்பேர்ப்பட்ட கொடுமை! அந்தக் கொடுமையைச் செய்தது யாருடைய வாளும் இல்லை, ஒரு சுங்க வரி.

1935 தொடக்கத்தில் ஒரு பண்டமாற்று ஏற்பாடு வந்தது: பிரிட்டன் கூடுதல் மாடுகளை வாங்கும், அயர்லாந்து பிரிட்டனின் நிலக்கரியை வாங்கும். 1938 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அயர்லாந்து ஒரே தவணையாக ஒரு கோடி பவுண்டு கொடுத்துக் கடன் கணக்கை முடித்தது. பிரிட்டன் தண்டனை வரிகளை நீக்கியது. அரசியல்ரீதியில் டி வலேராவுக்கு அது வெற்றிதான். ஆனால் வியாபாரம் பழைய வாசலுக்கே திரும்பிப் போனது.

கதவை அடைத்துப் பார்த்தார்கள்

இந்தக் காலத்தில் அயர்லாந்து வேறொரு வழியையும் முயன்றது. வெளியே விற்பதில் ஆபத்து இருந்தால் உள்ளுக்குள்ளேயே செய்து உள்ளுக்குள்ளேயே விற்போம் என்ற வழி. தொழில் அமைச்சர் ஷான் லெமாஸ் உயரமான சுங்கச் சுவர் எழுப்பினார். 1932இலும் 1934இலும் வந்த சட்டங்கள் அயல்நாட்டார் தொழிற்சாலை நடத்துவதைக் கட்டுப்படுத்தின. செருப்பு, துணி, சோப்பு, மோட்டார் வண்டிப் பூட்டல் என்று பல சிறு தொழில்கள் பிறந்தன. நமது நாட்டிலும் சுதந்திரத்துக்குப் பின் நாம் கண்டதுதான் இது.

ஆனால் முப்பது லட்சம் பேர்கூட இல்லாத சந்தையில் எத்தனை ஜோடி செருப்பு விற்க முடியும்? தொழிற்சாலைகள் வளராமல் அப்படியே நின்றுவிட்டன. சரக்கு விலை அதிகம், தரம் குறைவு, வெளியே கொண்டுபோனால் கேட்பாரில்லை. பெரிய நாடு கதவை அடைத்துக்கொண்டு சில காலம் வாழலாம். சிறிய நாடு கதவை அடைத்தால் உள்ளே மூச்சு முட்டும்.

பிரிட்டனுக்கு விற்ற விவசாயப் பொருளிலும் பலன் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் ஒரு கொள்கை வகுத்தது. தன் விவசாயிகளுக்கு அரசுப் பணத்திலிருந்து மானியம் கொடுத்துவிட்டு, கடைவீதியில் உணவு விலையைத் தாழ்வாக வைத்திருப்பது. இங்கிலாந்துத் தொழிலாளிக்கு மலிவான வெண்ணெய். இங்கிலாந்து விவசாயிக்கு அரசு மானியம். நடுவில் மாட்டிக்கொண்டவன் அயர்லாந்து விவசாயி. அவனுக்குத் தாழ்ந்த சந்தை விலை மட்டும்தான்.

ஒரு அதிகாரியின் அறிக்கை

1956இல் அயர்லாந்து நிதித்துறையின் செயலாளரானார் டி.கே. விட்டேக்கர். வயது 39. நாடு காலியாகிக்கொண்டிருந்த நேரம். 1958இல் அவர் தயாரித்த ஆய்வறிக்கை, சுவர்களை இறக்கி ஏற்றுமதித் தொழிலை வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொன்னது. 1959இல் பிரதமரான லெமாஸ் அதை ஏற்றார். 1930களில் சுவரை எழுப்பியவரும் அவரே, 1960களில் அதை இறக்கியவரும் அவரே. முன்னால் செய்தது தவறு என்று தெரிந்தபின் கௌரவம் பார்க்காமல் மாற்றிக்கொள்வது அரசியலில் அபூர்வம்.

ஏற்றுமதி லாபத்துக்கு வரிச்சலுகை 1956லேயே வந்திருந்தது. 1959இல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டிச் சுங்கமில்லாத் தொழில் வளாகம் அமைக்கும் வேலை தொடங்கியது. 1961இல் பால் பொருள் ஏற்றுமதிக்கென்று ஒரு வாரியம் ஏற்பட்டது. அதுவரை அயர்லாந்து வெண்ணெய் பெயரில்லாமல் மொத்தமாகப் போய், பிறர் பொட்டலத்தில் விற்கப்பட்டது. 1962இல் அந்த வாரியம் 'கெரிகோல்ட்' என்ற பெயரைச் சூட்டி இங்கிலாந்துக் கடைகளில் வைத்தது. சரக்குக்குத் தன் பெயர் வைப்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். வியாபாரிக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1961 ஜூலையில், பிரிட்டன் விண்ணப்பித்த அதே சமயத்தில், அயர்லாந்தும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தது. பிரிட்டன் உள்ளே போய் அயர்லாந்து வெளியே நின்றால் அந்த ஒரு வாசலும் மூடிவிடும் என்ற பயமும் அதில் இருந்தது. 1963 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் டி கால் பிரிட்டனை வேண்டாமென்றார். அயர்லாந்தின் விண்ணப்பமும் அதோடு நின்றுபோயிற்று. 1967இல் மறுபடியும் அதே கதை.

காத்திருந்த காலத்தில் இன்னொரு அடி விழுந்தது. 1964 அக்டோபரில் பிரிட்டன் தன் அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சமாளிக்க இறக்குமதித் தொழிற்பொருள்களுக்கு 15 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அயர்லாந்தைத் தண்டிக்க வேண்டுமென்ற எண்ணம் இம்முறை இல்லை. பெரியவர் புரண்டு படுத்தார், பக்கத்தில் படுத்திருந்த சிறியவர் நசுங்கினார். அவ்வளவுதான். அதன் பின்னர் 1965 டிசம்பரில் இரு நாடுகளும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்து, 1966 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்க வேண்டும். வரியில்லா வர்த்தகம் என்ற வகையில் இதுவும் கூட்டமைப்புப்போலத்தான் தோன்றுகிறது. ஆனால் எதிரே இருந்தது அதே ஒரு வாடிக்கையாளர். சுங்கம் குறைந்தது; சார்ந்திருத்தல் குறையவில்லை. பெரியவர் ஒருவரோடு சிறியவர் தனியாகச் செய்யும் ஒப்பந்தத்துக்கும், பலர் கூடிய சபையில் ஓர் இடம் பெறுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகிறது.

1973: பல வாசல்கள்

1972 மே 10ஆம் தேதி அயர்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். 83 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். 1973 ஜனவரி 1ஆம் தேதி பிரிட்டன், டென்மார்க்கோடு அயர்லாந்தும் உறுப்பு நாடாயிற்று. அன்றைக்கு அதன் ஏற்றுமதியில் சுமார் 55 சதவீதம் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு வருமானம் கூட்டமைப்பின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

முதல் லாபம் ஒரு வேடிக்கையான வழியில் வந்தது. பழைய வாடிக்கையாளரே கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது! கூட்டமைப்பின் பொது விவசாயக் கொள்கைப்படி எல்லா உறுப்பு நாடுகளிலும் விளைபொருளுக்கு ஓர் உத்தரவாத விலை. பிரிட்டனும் உள்ளே வந்துவிட்டதால் தன் மலிவு உணவுக் கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே வெண்ணெய், அதே வாங்குகிறவர். விலை மட்டும் 1978 வரை படிப்படியாக உயர்ந்தது. லண்டனோடு தனியாகப் பேசி ஐம்பது வருஷமாக வாங்க முடியாத விலையைச் சபையின் விதி வாங்கிக் கொடுத்தது.

இரண்டாவது லாபம் புதிய வாடிக்கையாளர்கள். 1973லேயே கெரிகோல்ட் வெண்ணெய் ஜெர்மனியில் இறங்கியது. இன்று அந்த நாட்டில் அதிகம் விற்கும் வெண்ணெய்ப் பெயர் அதுதான். 1990 வாக்கில் அயர்லாந்தின் ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறைந்திருந்தது. ஐரோப்பாவின் மற்ற உறுப்பு நாடுகளின் பங்கு அதைத் தாண்டிவிட்டது. பிரிட்டனுக்கு விற்ற அளவு குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. அதுவும் கூடியது, மற்றவை அதைவிட வேகமாகக் கூடின.

மூன்றாவது லாபம்தான் பெரியது. அமெரிக்க நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் கூட்டமைப்பின் சுங்கத்தைக் கட்ட வேண்டும். அயர்லாந்தில் தொழிற்சாலை வைத்தால் ஐரோப்பா முழுக்கச் சுங்கம் இல்லை. ஆங்கிலம் பேசும் தொழிலாளர், குறைந்த வரி, உள்ளே போக அனுமதி, மூன்றும் ஒரே இடத்தில். 1980இல் ஆப்பிள் நிறுவனம் கார்க் நகருக்கு வந்தது. 1989இல் இன்டெல் நிறுவனம் டப்ளின் அருகே லீக்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தது. மருந்துக் கம்பெனிகள் கார்க் துறைமுகத்தைச் சுற்றி வரிசையாக நின்றன. மாடு ஏற்றிய துறைமுகங்களில் மாத்திரையும் கணிப்பொறிச் சில்லும் ஏறின.

பணத்திலும் விடுதலை வந்தது. 1826 முதல் அயர்லாந்தின் நாணயம் பிரிட்டனின் பவுண்டோடு ஒன்றாகவே கட்டுண்டு கிடந்தது. ஐரோப்பிய நாணய ஏற்பாட்டில் அயர்லாந்து சேர்ந்து, பிரிட்டன் சேராததால், 1979 மார்ச் 30ஆம் தேதி அந்தக் கட்டு அறுந்தது. அரசியல் சுதந்திரம் வந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நாணயச் சுதந்திரம்.

கொடுத்த விலை

லாபத்தை மட்டும் எழுதினால் கணக்கு நேர்மையாகாது. சுவருக்குள் வளர்ந்த தொழில்கள் சுவர் இறங்கியதும் சாய்ந்தன. செருப்பு, துணித் தொழில்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கார்க் நகரில் 1917இல் ஹென்றி ஃபோர்டு தம் மூதாதையர் மண்ணுக்குச் செய்த மரியாதையாக நிறுவிய தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. அதற்கு முந்தின வருஷமே பக்கத்திலிருந்த டன்லப் டயர் தொழிற்சாலையும் மூடியாயிற்று. ஐம்பது வயதில் வேலை போனவரிடம், நாட்டின் மொத்த ஏற்றுமதி கூடியிருக்கிறது என்று சொன்னால் அவருக்கு அது ஆறுதலாகுமா?

கடலையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. புது உறுப்பினர்கள் வருவதற்குச் சற்று முன்பாகவே கூட்டமைப்பு பொது மீன்வளக் கொள்கையை வகுத்துவிட்டது. அயர்லாந்தின் வளமான கடலில் பிற நாட்டுப் படகுகள் பிடிக்கும் மீனைக் கரையோர மீனவர்கள் இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். விவசாயத்திலும் உத்தரவாத விலையால் வாங்க ஆளில்லாத வெண்ணெய் கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. 1984இல் ஒவ்வொரு நாடும் இவ்வளவு பால்தான் கறக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு நீங்க 2015 ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசல் திறந்த உடனே வளம் வரவில்லை. சேர்ந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1987 வாக்கில், வேலையில்லாதோர் நூற்றுக்குப் பதினாறு பதினேழு பேர். அரசின் கடன் தலைக்கு மேல். 1980களின் பின்பாதியில் இளைஞர்கள் மறுபடியும் கப்பலும் விமானமும் ஏறினார்கள். ஐரோப்பாவில் சேர்ந்து என்ன கண்டோம் என்று அன்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது கடினமாகவே இருந்திருக்கும்.

பிறகு எது மாற்றியது? 1967 முதல் மேல்நிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டிருந்தது. அதில் படித்த பிள்ளைகள், ஊர்தோறும் ஏற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகளில் தேறியவர்கள், வேலைக்குத் தயாராக நின்றார்கள். 1987க்குப் பின் அரசு செலவைச் சுருக்கியது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அரசும் உட்கார்ந்து கூலி உடன்பாடு செய்தார்கள். சாலைக்கும் பயிற்சிக்கும் ஐரோப்பிய நிதி வந்தது. 1993 ஜனவரியில் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை முழுமையானபோது எல்லைச் சுங்கத் தாள்கள் ஒழிந்தன. அந்த நேரத்தில் அயர்லாந்து ஆயத்தமாக இருந்தது. கூட்டமைப்பு வாசலைத் திறக்கும். உள்ளே கொண்டுபோகச் சரக்கும், அதைச் செய்யத் தெரிந்த கையும் நாம்தான் தயார் செய்யவேண்டும்.

பழைய வாடிக்கையாளர் எழுந்து போனார்

2016 ஜூன் 23ஆம் தேதி பிரிட்டிஷ் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31இல் விலகி, அந்த ஆண்டு முடிவோடு ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போனார்கள். 1932இல் பிரிட்டனோடு ஒரு மனஸ்தாபம் அயர்லாந்தின் ஏற்றுமதியைப் பாதியாக்கியது. இப்போது அந்த வாடிக்கையாளர் சபையை விட்டே எழுந்து போய்விட்டார். என்ன ஆயிற்று?

அடி விழுந்தது, ஆனால் எல்லோர் மேலும் விழவில்லை. பிரிட்டனை மட்டும் நம்பியிருந்த தொழில்கள்தான் தடுமாறின. காளான் வளர்ப்போர் தங்கள் விளைச்சலில் பெரும்பகுதியை இங்கிலாந்துக் கடைகளுக்கே பவுண்டு விலையில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டு மதிப்பு சரிந்த சில மாதங்களிலேயே பல காளான் பண்ணைகள் மூடப்பட்டன. செடார் பாலாடைக்கட்டி செய்வோரும் மாட்டிறைச்சி வியாபாரிகளும் கலங்கினார்கள்.

நாட்டின் மொத்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. மொத்தச் சரக்கு ஏற்றுமதி 2020இலும் 2021இலும் கூடியது. முன்பு அயர்லாந்து லாரிகள் பலவும் பிரிட்டன் சாலைகளைக் கடந்து பிரான்சுக்குப் போகும். 2021 ஜனவரி முதல் வாரத்திலேயே ராஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் டன்கர்க் துறைமுகத்துக்கு நேர்க் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. 1973இல் பாதிக்கு மேல் வாங்கிய பிரிட்டன் இன்று வாங்குவது சுமார் பத்தில் ஒரு பங்கு. அதுவே ஒன்பது பங்காக இருந்திருந்தால் 1932 மறுபடி வந்திருக்கும்.

மீண்டும் ஓர் ஒற்றை வாடிக்கை?

கதையை இங்கே சுபமாக முடிக்கலாம்தான். ஆனால் கணக்குப் புத்தகம் அப்படி விடாது. 2024இல் அயர்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி மருந்தும் வேதிப்பொருளும். அதைச் செய்கிறவை பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். லாபமும் அங்கேயே போகிறது. 2015இல் சில நிறுவனங்கள் தங்கள் சொத்துக்களைக் கணக்கில் அயர்லாந்துக்கு மாற்றியதால் நாட்டு உற்பத்தி ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 26 வளர்ந்ததாகக் கணக்குக் காட்டியது! கூலிக்காரன் சட்டைப்பைக்கு அது வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்நாட்டுப் புள்ளியியல் துறையே அதன்பின் உண்மை வருமானத்தை அளக்க வேறொரு கணக்கு முறையைக் கொண்டுவந்தது.

2025இல் அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்தத் தொடங்கியபோது டப்ளினில் பழைய பயம் எட்டிப் பார்த்தது. ஒரு வித்தியாசம் உண்டு. 1932இல் டி வலேரா தனியாக எதிரே நின்றார். 2025இல் 27 நாடுகளின் சார்பில் ஐரோப்பிய ஒன்றியம் பேசியது. ஜூலை மாத உடன்பாட்டில் பெரும்பாலான ஐரோப்பியச் சரக்குகளுக்கு வரி வரம்பு 15 சதவீதம் என்று முடிவாயிற்று. நல்ல பேரமா என்று ஐரோப்பாவிலேயே விமரிசனம் உண்டு. ஒன்றியத்தில் இருப்பதால் அயர்லாந்து தன் இஷ்டத்துக்குத் தனிப் பேரம் பேசவும் முடியாது. சபையில் இடம் வேண்டுமென்றால் சபையின் முடிவுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும்.

நிறைவாக

என் சிற்றறிவுக்கு எட்டிய முடிவு இதுதான். கூட்டமைப்பில் சேருவதால் சிறு நாட்டின் ஏற்றுமதி கூடலாம். அது அந்த நாட்டின் கல்வியையும் உழைப்பையும் பொறுத்தது. சில தொழில்கள் அழியும். அதில் அடிபடுகிறவர்களைத் தாங்கவேண்டியது அரசின் கடமை. ஆனால் கூட்டமைப்பு தரக்கூடிய பெரிய வரம், ஒருவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையிலிருந்து விடுதலை. அந்த வரத்தை ஒருமுறை பெற்றால் போதாது. வாசல்கள் பலவும் திறந்தே இருக்கின்றனவா, அல்லது மறுபடியும் ஒன்றிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1961இல் 28 லட்சமாகச் சுருங்கிய நாட்டில் இன்று 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். வெளியே போனவர்களின் பிள்ளைகள் பலர் திரும்பி வந்தார்கள். பிற நாட்டாரும் பிழைக்க வருகிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் நான் கடைசியாகத் தேடிப் பார்க்கும் வரி அதுதான்: போன பிள்ளை திரும்பி வர முடிகிறதா?

என் கடைக்கு வருவோம். அந்தப் பெரிய கொள்முதல்காரரை நான் விட்டுவிடவில்லை. இன்னும் பதினோரு வாடிக்கைகளைத் தேடிப் பிடித்தேன், அதற்கு ஆறு வருஷம் பிடித்தது. அதன்பின் அவர் விலை சொன்னபோது முதன்முறையாக, "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்று என்னால் சொல்ல முடிந்தது.